முச்சந்தியில் ஊற்றியது

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கடையில் இருந்தவர்கள் இரண்டு பேர். பாத்திரம் கழுவும் என் அம்மா, அடுப்பில் நிற்கும் மாஸ்டர். இல்லாதவர்கள் மூன்று பேர். கடைக்குச் சொந்தக்காரரான சித்தி விசா புதுப்பிக்கும் வேலையாகச் சென்னைக்குள் போயிருந்தார். கிச்சன் அக்கா நாத்தனார் மகளின் கல்யாணத்துக்காக மதுராந்தகத்தில் சர்ச்சில் இருந்தாள். நான் பூசணிக்காயும் பொரியும் வாழைக்கன்றும் வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் மூவரில் யாராவது ஒருவர் அன்று மத்தியானம் மொட்டை மாடியில் நின்றிருந்தால் போதும். திரும்பி வந்தபோது நான் பார்த்தது, வெயிலில் வரிசையாக நின்ற மண் ஜாடிகளைத்தான். ஒவ்வொன்றின் வயிற்றிலும் சந்தனம், நடுவில் குங்குமம். மூலையில் இருந்த பெரிய ஜாடிக்கு மட்டும் சாமந்தி மாலை. கோயிலுக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது. அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வேன் என்று நின்றுகொண்டிருந்தாள்.

சித்தி என்று நான் எழுதுவது ஒரு கொரியாக்காரரை. கடைக்கு வரும் கொரியாக்காரர்கள் எல்லோரும் அவரை ‘இமோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவின் கூடப்பிறந்தவள் என்று அர்த்தம். அவர்கள் ஊரில் சாப்பாட்டுக் கடை நடத்தும் நடுவயதுப் பெண்களை அப்படிக் கூப்பிடுவது வழக்கமாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ‘மேடம்’ என்றபோது அவர் கையை ஆட்டி, “மேடம் வேணாம்பா, மேடம் பேங்க்ல கீது” என்றார். “அப்போ இன்னான்னு கூப்புடறது?” என்று முழித்தேன். உள்ளே வெங்காயம் அரிந்துகொண்டிருந்த கிச்சன் அக்கா, “சித்தின்னு கூப்புடேன்டா, வாய் சுளுக்கிக்குமா?” என்றாள். அன்றிலிருந்து அவர் எங்களுக்குச் சித்தி. அவர் தமிழ் முழுக்கக் கிச்சன் அக்காவிடமும் காய்கறிக்காரரிடமும் கற்றது. வெளிநாட்டு முகத்திலிருந்து ‘பேஜார் பண்ணாத’ என்று வரும்போது புதிதாக வருகிறவர்கள் சிரித்துவிடுவார்கள். சித்திக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

அவருடைய கணவர் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றுக்கு டெக்னீஷியனாக வந்தவர். இங்கே வந்து சில வருடங்களில் மாரடைப்பில் போய்விட்டார். ஊருக்குத் திரும்பாமல் சித்தி கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. ரோட்டின்மேல், ஒரு டயர் கடைக்கு மேலே முதல் மாடியை வாடகைக்குப் பிடித்தார். ஏன் திரும்பிப் போகவில்லை என்று ஒருமுறை கேட்டேன். “அங்க போனா நான் சும்மா கிழவி” என்றார்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். தாம்பரத்தில் ஈவினிங் காலேஜில் பி.காம். படித்துக்கொண்டே இந்தக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தேன். பில் போடுவது, வரி கட்டுவது, விசா ஆபீசுக்கு இங்கிலீஷில் எழுதுவது, வீட்டுக்காரரிடம் பேசுவது எல்லாம் என் வேலை. ஊரப்பாக்கத்தில் நாலு வீட்டில் வேலை செய்து முட்டி தேய்ந்துபோன அம்மாவை அந்த ஆவணியில்தான் கடையில் சேர்த்துவிட்டேன். உட்கார்ந்து பாத்திரம் கழுவ சித்தி ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டார். வேலை செய்த இடத்தில் தனக்கென்று உட்கார ஒன்று கிடைத்தது அதுதான் முதல்முறை என்று அம்மா தெருவில் எல்லோரிடமும் சொன்னாள்.

போன மாதம் என் சிநேகிதன் ஒருவன் போன் செய்தான். பெருங்களத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டில் தோசைக் கடை போடப் போகிறானாம். “மச்சான், நீ ஒரு ஃபாரின்காரங்க கடையில இருந்தவன். சீக்ரெட் இன்னாடா? எடமா, வெலையா, காரத்தக் கொறைக்கணுமா?” என்று கேட்டான். மூன்றும்தான் என்று சொல்லிவைத்தேன். ஆனால் நான் பார்த்தது வேறு. கடைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒரு வகை, கொரிய சீரியல் பார்த்துவிட்டு வரும் காலேஜ் பிள்ளைகள். அவர்கள் குச்சியால் சாப்பிடக் கற்றுக்கொள்வார்கள், போட்டோ எடுப்பார்கள், சிரிப்பார்கள், போய்விடுவார்கள். அடுத்த வகை, சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் கொரியாக்காரர்கள். பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்து அபார்ட்மென்ட்டில் தனியாகத் தூங்கி எழுகிற ஆண்கள். அவர்கள் கடைக்குள் நுழைந்ததும் மெனுவைப் பார்க்கவே மாட்டார்கள். சோயா கரைத்த ஒரு குழம்பு, சோறு, சின்னச் சின்னக் கிண்ணத்தில் தொட்டுக்கொள்ள நாலைந்து. நம் மெஸ்ஸில் கூட்டும் பொரியலும் போல அந்தக் கிண்ணங்களை எத்தனை முறை கேட்டாலும் சும்மா நிரப்பித் தருவார் சித்தி. முதல் வாய் குழம்பைக் குடித்துவிட்டு அவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். ஜன்னல் வழியாக ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற லாரிகளைப் பார்ப்பார்கள். அந்தப் பேசாத நேரத்துக்காகத்தான் கடை ஓடியது.

அந்தக் குழம்பின் உயிர் மொட்டை மாடியில் இருந்தது. வேகவைத்து இடித்த சோயாவைக் கட்டியாக உருட்டிக் காயவைத்து, உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டால் கருப்பாக ஒரு சாறு இறங்கும். சித்தியின் மாமியார் காலத்துச் சாறு அந்தப் பெரிய ஜாடியில் இருந்தது. ஒவ்வொரு வருடமும் புதிய சாற்றை அதில் சேர்ப்பார், கீழே பழையது இருந்துகொண்டே இருக்கும். நம் வீட்டில் தயிருக்கு உறை ஊற்றுவது போல. கணவரின் கம்பெனி சாமான்களோடு கப்பலில் வந்த ஜாடி அது. காலையில் சித்தியே மேலே போய் மூடியைத் திறந்து வெயில் காட்டுவார், சாயங்காலம் மூடுவார். மாடிப் பக்கம் வேறு யாருக்கும் வேலை கிடையாது. கிச்சன் அக்காவுக்கு மட்டும் அதன் கதை தெரியும், எனக்கு அரைகுறையாகத் தெரியும். கீழே பாத்திரத் தொட்டியருகில் இருந்த அம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அந்த வருடம் கடை ஆட்டம் கண்டிருந்தது. ஒரு தொழிற்சாலையின் கொரிய அதிகாரிகளுக்குத் தினமும் மத்தியானச் சாப்பாடு நாங்கள்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம். கடை நின்றதே அதன்மேல்தான். புதிதாக வந்த மேலதிகாரி, ஏ.சி. ஹாலோடு புதிதாகத் திறந்த பெரிய ரெஸ்டாரன்ட் ஒன்றுக்கு அதை மாற்றலாமா என்று யோசிப்பதாகச் சேதி வந்தது. பூஜை லீவு முடிந்து வரும் திங்கட்கிழமை எல்லோரோடும் கடைக்கே வந்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வாராம். வீட்டில் ஒரு நாள் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். “இது போச்சுன்னா கடைய மூடிற வேண்டியதுதாம்மா.” அம்மா கையிலிருந்த சோற்று உருண்டையைத் தட்டிலேயே வைத்தாள். “யாரு கண்ணு பட்டுச்சோ, தங்கமான பொம்பள” என்றாள்.

அன்று நடந்ததை அம்மாவும் மாஸ்டரும் பிறகு துண்டு துண்டாகச் சொன்னார்கள். ஆயுத பூஜை என்றால் கடையில் ஒரு கரண்டி பாக்கியில்லாமல் கழுவியாக வேண்டும். கீழே எல்லாம் முடிந்து, துடைப்பமும் வாளியுமாக அம்மா மாடிக்குப் போயிருக்கிறாள். ஜாடிகளை வெளிப்பக்கம் துடைத்துக்கொண்டே வந்தவள் மூலையிலிருந்த பெரிய ஜாடியின் கழுத்தைப் பார்த்தாள். வைக்கோல் கயிறு சுற்றியிருந்தது. கயிற்றில் காய்ந்த மிளகாயும் கரித்துண்டும் செருகியிருந்தன. மூடியைத் திறந்தால், மையைப் போலக் கருப்புத் தண்ணீர். மேலே வெள்ளையாக ஆடை. அதில் மிதந்துகொண்டிருந்தவையும் மிளகாயும் கரியும்தான்.

கெட்டது அண்டாமல் இருக்க அவர்கள் ஊரில் அப்படிப் போடுவார்களாம். நம் ஊரிலும் கெட்டது அண்டாமல் இருக்கத்தானே எலுமிச்சம்பழத்தோடு மிளகாயும் கரியும் கோத்துக் கடை வாசலில் கட்டுகிறோம்? ஆனால் நாம் கட்டியதை வாரத்துக்கு ஒருமுறை கழற்றி எறிந்துவிடுவோம். கண்ணேற்றையெல்லாம் உறிஞ்சிக்கொண்ட பொருளை வீட்டுக்குள் வைத்திருக்க மாட்டோம். அதுவே தண்ணீரில் ஊறி, மூடி போட்டு, மூலையில் இருந்தால் அதற்கு நம் ஊரில் பெயரே வேறு.

அம்மா மாஸ்டரைக் கூப்பிட்டாள். பரோட்டா கடையிலிருந்து இங்கே வந்தவர் அவர். எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனாராம்.

“இன்னாமா இது, கரி கீது, மொளகா கீது, கயிறு வேற கட்டிகீது. சத்தியமா எவனோ சூனியம் வெச்சுட்டாம்மா.”

“அதான் யாவாரம் படுத்துகினு கீது. நான் அன்னைக்கே சொன்னேன்.”

“சித்திக்கு ஒரு போன் போட்டுக் கேக்கலாமா?”

“யாருக்கு வெச்சாங்களோ அவங்க கிட்டயே சொன்னா எடுத்தும் பிரயோஜனம் இல்ல, மாஸ்டர். வாய மூடிகினு ஒரு கை புடி.”

இரண்டு பேருமாகச் சாற்றை வாளிகளில் இறக்கி, டயர் கடைக்குப் பின்னால் மூன்று தெரு கூடும் இடத்துக்குக் கொண்டுபோய் ஊற்றினார்கள். திரும்பிப் பார்க்காமல் வந்து கை கால் கழுவினார்கள். பிறகு அம்மா அந்த ஜாடிக்குள் பாதி உடம்பை விட்டு, பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுத் தேய்த்தாள், மஞ்சள் தண்ணீர் விட்டு அலசினாள். அடியில் கல்கண்டைப் போல இறுகியிருந்த உப்பைக் கரண்டிக் காம்பால் சுரண்டி எடுத்ததாகச் சொன்னாள். முட்டி வலியோடு அவள் அப்படித் தேய்த்தது வேறு எந்தப் பாத்திரத்தையும் இல்லை. கடைசியில் சந்தனம் வைத்து, மாலை போட்டு, பழைய கயிற்றுக்குப் பதிலாக எலுமிச்சம்பழமும் மிளகாயும் கரியும் கோத்த புதுச்சரம் ஒன்றையும் கட்டினாள்.

சித்தி வந்தபோது நானும் மாடியில் இருந்தேன். மூச்சு வாங்கப் படியேறி வந்தவர் ஜாடி வரிசையைப் பார்த்ததும் கைதட்டினார். போனை எடுத்துப் போட்டோ பிடித்தார். பெரிய ஜாடியின் கழுத்தில் மிளகாயையும் கரியையும் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அய்யோ, சேம் சேம்! எங்க ஊர்லயும் இதே! உங்க அம்மாக்கு எப்படித் தெரியும்?” என்று என் தோளில் தட்டினார். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். சித்தி சாமந்தியை மெதுவாக ஒதுக்கி மூடியைத் தூக்கினார்.

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் உள்ளே பார்த்தார். கையை விட்டுச் சுவரைத் தடவினார். விரலை மோந்தார். மூடியைத் திருப்பி வைத்துவிட்டு, அந்தச் சூடான தரையில் அப்படியே உட்கார்ந்தார். “ஜாடித் தண்ணி எங்க?” என்று என்னைக் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, சிரிப்பு இன்னும் முழுசாகப் போகாத முகத்தோடு, “பயப்பட வேணாம்னு சொல்லுடா, நான் எடுத்துட்டேன். முச்சந்தியில ஊத்திட்டேன். இனிமே ஒண்ணும் ஆவாது” என்றாள். இதை எந்த மொழியில், எந்த வார்த்தையில் நான் சொல்வது? சொன்னேன். ஆனால் நான் சொல்லி முடிக்கும் முன்னாலேயே சித்திக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து அம்மாவுக்கும் புரிந்தது. அம்மா ஓடினாள். முட்டி தேய்ந்தவள், இரண்டு இரண்டு படியாக இறங்கி அந்த முச்சந்திக்கு ஓடினாள். நான் பின்னால் போனபோது ரோட்டில் குந்தி உட்கார்ந்திருந்தாள். தார் ரோட்டில் கருப்பாக ஒரு ஈரம், ஓரமாக நாலு மிளகாய். ஒரு நாய் நக்கிக்கொண்டிருந்தது. நாயைக்கூட அவள் விரட்டவில்லை.

கிச்சன் அக்கா மறுநாள் கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்தாள். சமையலறை பாட்டிலின் அடியில் கொஞ்சம் பழைய சாறு இருந்தது. மற்ற ஜாடிகளில் அந்த வருடம் புதிதாகப் போட்ட சாற்றையும் அதையும் சேர்த்து அந்த ஜாடியிலேயே ஊற்றினால் பிழைத்துக்கொள்ளும் என்று சித்தி சொன்னார். விதை நெல் மாதிரிதானே என்று அக்காவும் நம்பினாள். ஊற்றினார்கள். அந்த மண் ஜாடி மூச்சுவிடுகிற ஜாடி. அம்மா தேய்த்த சோப்பை அது குடித்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு வெயில் பட்டதும் மண்ணுக்குள்ளிருந்து சோப்பு நுரை கசிந்தது. கடைசியாக இருந்ததும் போயிற்று.

திங்கட்கிழமை மேலதிகாரி ஆட்களோடு வந்தார். டின்னில் வாங்கிய சாற்றை வைத்துச் சித்தி சமைத்தார். அவர் கை ருசியில் குறையொன்றும் இல்லை, நாங்கள் சாப்பிட்டுப் பார்த்தோம், எங்களுக்கு நன்றாகத்தான் இருந்தது. மேலதிகாரி பேசிக்கொண்டே சாப்பிட்டார். அவர் பக்கத்தில் ஒரு வயதான இன்ஜினியர், கடை திறந்த நாளிலிருந்து வருகிறவர். முதல் வாய் குடித்ததும் கரண்டியை வைத்துவிட்டார். ஜன்னலைப் பார்க்கவில்லை. சித்தியைப் பார்த்து, மிகவும் மெதுவாக ஒன்று கேட்டார். அதற்குள் எனக்கு அவ்வளவு கொரிய மொழி வந்திருந்தது. “இமோ, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

சித்தி, ஆமாம் என்றார். வயசாயிடுச்சு, கை பழைய மாதிரி இல்லை என்று சொல்லி, சிரித்துக்கொண்டே குனிந்து வணங்கினார். மேலதிகாரி சாப்பிடுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்ததை நான் பார்த்தேன்.

அவர்கள் போன பிறகு கிச்சன் அக்கா சண்டை போட்டாள். “ஜாடி போச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல சித்தி! அவங்க ஆளுங்கதானே, புரிஞ்சுக்க மாட்டாங்களா? ஊர்லருந்தே கொண்டாந்து குடுத்திருப்பாங்களே!” உண்மைதான். ஒரு ஜாடி போனதற்கு அவர்கள் அழுதிருப்பார்கள், கடையை விட்டிருக்க மாட்டார்கள். சித்தி மேஜையைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். “ஜாடி போச்சுன்னு சொன்னா யாருன்னு கேப்பான். சொன்னா அவள அனுப்புன்னுவான். வேணாம். கை போச்சுன்னே நினைக்கட்டும்.” பாத்திரத் தொட்டியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் நின்றது. அம்மாவுக்கு இது காதில் விழக் கூடாது என்றுதான் நான் அந்த நேரம் வேண்டிக்கொண்டேன்.

சாப்பாடு அனுப்புவது அடுத்த மாதமே நின்றது. இன்ஜினியர் மட்டும் கொஞ்ச நாள் வந்தார். வந்தால் நூடுல்ஸ் கேட்பார், குழம்பு கேட்கமாட்டார். ஜாடிக் கதையைச் சொன்னபோது, ஒரு ஜாடியால் ஒரு கடை மூடுமா என்று என் சிநேகிதன் கேட்டான். மூடாது, நியாயமாகப் பார்த்தால். புதுக் கடையின் ஏ.சி.யும் பெரிய ஹாலும் ஒரு காரணம். தொழிற்சாலைகளில் கொரியாக்காரர்களைக் குறைத்து நம் ஆட்களையே மேலே கொண்டுவந்தது இன்னொரு காரணம். காலேஜ் பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதிலும் ஒரு பெண், “இப்போ ஸ்மெல் கம்மியா இருக்கு ஆன்ட்டி, சூப்பர்!” என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். சித்தி அவளுக்குச் சிரித்துத் தலையாட்டினார். அன்றிலிருந்து சித்தி தன் கடைச் சாப்பாட்டைச் சாப்பிடவில்லை. மத்தியானம் அம்மாவின் டிபன் டப்பாவிலிருந்து தயிர்சாதத்தைப் பங்கு போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். காலேஜ் பிள்ளைகளை நம்பி மெனுவை மாற்றி, சீஸைத் தூவி, சுவரில் நடிகர் படம் ஒட்டி இன்னும் பல வருடம் ஓட்டியிருக்கலாம். கணக்குப் பார்த்து நானே அப்படித்தான் சொன்னேன். “ஓடும்பா” என்றார் சித்தி. “ஆனா அது யார் கடை?”

அடுத்த வருடம் கோடையில் கடையை மூடினோம். சித்தி ஊருக்குக் கிளம்பிய அன்று விமான நிலையத்துக்கு எங்களை வர வேண்டாம் என்றுவிட்டார். டயர் கடை வாசலிலேயே விடைபெற்றார். கிச்சன் அக்கா அழுதாள், மாஸ்டர் பெட்டிகளை ஏற்றினார். அம்மா மட்டும் கொஞ்சம் தள்ளி, குற்றவாளியைப் போல, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சித்தி அவளிடம் போய்க் கட்டியிருந்த கைகளைப் பிரித்துவிட்டு, இரண்டையும் தன் கைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். “முட்டி பாத்துக்கோ அக்கா” என்றார். வயதில் அம்மாதான் சின்னவள்.

இப்போது நான் பெருங்களத்தூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன். சித்தி எப்போதாவது போனில் பேசுவார். ஊரில் தன் மகன் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறார். சமையல் மருமகள் பார்த்துக்கொள்கிறாளாம். அம்மாவைக் கேட்பார். அம்மா போனை வாங்க மாட்டாள், கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். கடையை மூடிய பிறகு அம்மா என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். கடைக் கணக்கை முடித்தவன் நான் என்பது அவளுக்குத் தெரியும். அடுப்பும் மேஜையும் போன விலை, வீட்டுக்காரர் பிடித்துக்கொண்ட அட்வான்ஸ், எங்கள் எல்லோருக்கும் சித்தி கையிலிருந்து கொடுத்துவிட்டுப் போனது எல்லாம் என் கை வழியாகத்தான் போயிற்று. “அவங்களுக்கு மொத்தமா எவ்ளோடா போச்சு?” என்பாள். ஏதேதோ சொல்லிப் பேச்சை மாற்றுவேன். போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேட்டாள். உனக்கு எதுக்கும்மா அது, விடேன் என்றேன். அவள் என் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“நீ படிச்சவன், உனக்குத் தெரியும். எனக்குத் தெரியல. எவ்ளோன்னு தெரியாம எப்புடிடா சுமக்கறது?”

சொன்னேன்.

பதினோரு லட்சத்து நாற்பதாயிரம்.